கேட்கிறது யாரு?

காஞ்சிபுரத்தில் கோயில்களை எண்ணி முடித்தவர் கிடையாது. ஒவ்வொரு பெரிய கோயிலிலும் தர்ம தரிசன வரிசை ஒன்று, டிக்கெட் வரிசை ஒன்று. இவை போக மூன்றாவதாக 'தெரிஞ்சவங்க' வரிசை என்று ஒன்று உண்டு. அதற்கு போர்டு கிடையாது, கட்டணம் கிடையாது. "நம்ம ஆளுதான், விடுப்பா" என்ற மூன்றே வார்த்தைகள். எப்பேர்ப்பட்ட இரும்புக் கதவும் திறந்துகொள்ளும்.

இந்த மூன்றாவது வரிசையின் விஸ்வரூபத்தை 2019-ல் நாடே பார்த்தது. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள்ளே சயனித்திருக்கும் அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-க்குப் பிறகு அந்த வருஷம் வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள். பொது வரிசையில் மணிக்கணக்காக நின்று கால் வீங்கிப் போனார்கள். நெரிசலில் மூச்சுத் திணறி உயிரை விட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் வி.ஐ.பி. பாஸ், வி.வி.ஐ.பி. பாஸ். பாஸ் இல்லாதவர்கள் பாஸ்காரர்களின் வழியில் போவதைப் பார்த்துவிட்டு, மாவட்ட கலெக்டரே வாசலில் நின்ற போலீஸ் அதிகாரியைப் பலர் முன்னால் சத்தம் போட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ள பெரிய மனிதர் ஒருவர், கழுத்து நிறைய நகையோடு வி.வி.ஐ.பி. இடத்தில் உட்கார்ந்து சாவகாசமாக சேவித்துவிட்டுப் போனதும் அதே விழாவில்தான்.

அடுத்த தரிசனம் 2059-ல். அதற்குள் பாஸ் முறையைச் சரி பண்ணிவிடுவார்கள் என்று நம்புவோம்.

இந்த வாரம் சொல்ல வந்தது கோயிலைப் பற்றி இல்லை, கம்ப்யூட்டரைப் பற்றி. ஆனால் வியாதி ஒன்றுதான். கதவு பலமாக இருக்கிறது, சட்டம் தெளிவாக இருக்கிறது, காவல்காரரும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போது உள்ளே போகிறவர் யார் என்று பார்க்க மட்டும் மறந்துபோகிறார்.

* * *

ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 உறுப்பினர்கள். ஒரு தடித்த பேரேடு. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எவ்வளவு பட்டு வாங்கினார், எவ்வளவு ஜரிகை வாங்கினார், எத்தனை புடவை திருப்பித் தந்தார், கூலி எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு.

அந்தக் காலத்து குமாஸ்தா ஒருவர் பேரேட்டைத் திறந்து, உங்கள் வரியைக் கண்டுபிடித்து, மேலே இருப்பதை இடது கையாலும் கீழே இருப்பதை வலது கையாலும் மறைத்துக்கொண்டு, "பார்த்துக்கோ, இதான் உன் கணக்கு" என்பார். நடுவில் தெரியும் ஒரே ஒரு வரி உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரரின் கடன் அவர் உள்ளங்கைக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

இதை ஏன் மறைக்க வேண்டும் என்று பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். 40 வருஷமாகத் தறிக் குழியில் கால் வைத்தவர்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? என் பாக்கி எவ்வளவுன்னு இன்னொரு முதலாளிக்குத் தெரிஞ்சுதுன்னு வைங்க. இவன் எங்கியும் எழுந்து போக முடியாதுன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அவன் சொன்னதுதான் கூலி. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற எடத்துல தெரிஞ்சா, அது வேற கதை."

"அப்ப உங்க முதலாளிக்குத் தெரியாதா?"

"அவருக்குக் கம்ப்யூட்டர் இல்லாமலே தெரியும் சார். கடன் குடுத்ததே அவருதானே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வரி கணக்கு வெளியே போனால் ஒரு குடும்பத்தின் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது. 'டேட்டா பாதுகாப்பு' என்று ஆங்கில தினசரிகள் எழுதுவதெல்லாம் கடைசியில் இந்த ஒரு வரிதான்.

* * *

இப்போது பேரேடு போய் டேட்டாபேஸ் வந்துவிட்டது. அதில் ரொம்பப் பிரபலமானது போஸ்ட்கிரெஸ் என்கிற மென்பொருள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986-ல் தொடங்கிய திட்டம். 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று (வாயில் நுழையாத) பெயர் மாற்றம். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம். உலகம் பூராவும் சின்னக் கடையிலிருந்து பெரிய கம்பெனி வரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெகு காலம் அதில் பேரேட்டை ஒருவருக்குக் காட்டலாம் அல்லது காட்டாமல் இருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தனிக் காவல் கிடையாது. வரியை மறைக்கிற வேலையை மேலே ஓடுகிற புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அதை எழுதுகிற பையன் ஒரு இடத்தில் அசந்தால் போச்சு.

2016 ஜனவரியில் 9.5 என்ற பதிப்பு வந்தது. அதில்தான் நம் குமாஸ்தாவின் இரண்டு கைகளும் பேரேட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. 'உறுப்பினர் தன் வரியை மட்டும் பார்க்கலாம், செயலாளர் எல்லா வரியையும் பார்க்கலாம்' என்று டேட்டாபேஸிலேயே விதி எழுதி வைத்துவிடலாம். எந்த புரோகிராம் வழியாக வந்து கேட்டாலும் விதி பொருந்தும். இதை 'வரிக்காவல்' என்று கூப்பிடுவோம். நல்ல ஏற்பாடு. மூன்று மாதம் நிம்மதியாக ஓடியது.

ஏன் மூன்று மாதம்தான் என்று புரிய, தறிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

தறியில் ஒரு பாவு முடிந்ததும், அடுத்த பாவுக்கு ஒவ்வொரு இழையாக விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள் கணக்கில் ஆகும். அதனால் பழைய பாவின் நுனியை அப்படியே விட்டு வைத்து, புது இழையை அதோடு பிணைத்துவிடுவார்கள். பிணைத்து இழுத்தால், பழைய இழை போன வழியிலேயே புது இழையும் போய் உட்காரும். நேரம் மிச்சம்.

டேட்டாபேஸும் இதைத்தான் செய்கிறது. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை எதோடு ஒப்பிடுவது, எந்த விதியைப் பொருத்துவது என்று முதலில் ஒரு திட்டம் போடுகிறது. திட்டம் போடுவதே ஒரு வேலை. அதனால் அதே கேள்வி மறுபடி வந்தால் பழைய திட்டத்தையே பிணைத்துவிடுகிறது.

வம்பு இங்கேதான். ஒரே இணைப்பில் முதலில் செயலாளர் பெயரில் கேள்வி போகிறது. 'இவர் எல்லாம் பார்க்கலாம்' என்ற விதியோடு திட்டம் தயாராகிறது. அடுத்த நிமிஷம் அதே இணைப்பில் புரோகிராம் ஆளை மாற்றி, ஒரு உறுப்பினர் பெயரில் அதே கேள்வியை அனுப்புகிறது. டேட்டாபேஸ் என்ன செய்ய வேண்டும்? "கேட்கிறது யாரு?" என்று இன்னொரு தடவை பார்த்து, திட்டத்தைப் புதிதாகப் போட வேண்டும். சில சமயம் பார்க்கவில்லை. பழைய பாவின் வழியிலேயே புது இழை போய் உட்கார்ந்தது. உறுப்பினர் கண்ணுக்கு செயலாளரின் பேரேடு! தலைகீழாகவும் நடக்கும்: செயலாளர் வந்து கேட்டால் ஒரே ஒரு வரியை நீட்டிவிட்டு "அவ்வளவுதான் சார்" என்று சாதிக்கும். பார்ப்பது மட்டுமில்லை, மாற்றக் கூடாத வரியை மாற்றுவதற்கும் இடம் உண்டு.

முதல் ஓட்டை 2016 மார்ச் 31 அன்று அடைக்கப்பட்டது. 'சரியாகிவிட்டது' என்றார்கள். 7 வருஷம் கழித்து 2023 மே மாதம், அதே ஓட்டை வேறொரு மூலையில் எட்டிப் பார்த்தது. அடைத்தார்கள். 2024 நவம்பர் 14 அன்று மூன்றாவது தடவை. சி.வி.இ.-2024-10976 என்று நம்பர். உலகம் பூராவும் கண்டுபிடிக்கப்படும் மென்பொருள் ஓட்டைகளுக்கு இப்படி ஒரு பொது நம்பர் கொடுப்பார்கள், கிட்டத்தட்ட எஃப்.ஐ.ஆர். நம்பர் மாதிரி. முந்தைய இரண்டு திருத்தங்களும் பெரும்பாலான வழிகளை அடைத்தன, கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும் வழியை விட்டுவிட்டன என்று போஸ்ட்கிரெஸ்காரர்களே பகிரங்கமாக எழுதினார்கள்.

அதாவது, விதி எழுதிய பேரேட்டை நேரடியாகக் கேட்டால் காவல் உஷார். 'அந்தப் பேரேட்டைப் பார்க்கிற இன்னொருவரைக் கேட்டுச் சொல்லு' என்று சுற்றி வளைத்துக் கேட்டால், இந்தக் கேள்விக்கு வரிக்காவல் சம்பந்தம் உண்டு என்பதே அதற்கு நினைவில்லை. நம்ம ஊர் பாஷையில், "நம்ம ஆளோட ஆளுதான், விடுப்பா."

இந்தக் கதையில் ஒரு காமெடி டிராக்கும் உண்டு. நவம்பர் 14 திருத்தங்களைப் போட்டவர்களுக்கு வேறு சில சங்கடங்கள் முளைத்தன. யார் யார் எந்த அதிகாரத்தில் வரலாம் என்ற அமைப்பிலேயே ஒன்று கெட்டுப்போனது. உடனே ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, திருத்தத்துக்கு ஒரு திருத்தம். 17-ஆம் பதிப்புக்காரர்கள் 17.2, 16-காரர்கள் 16.6 என்று மறுபடி மாற்றிக்கொண்டார்கள். 12-ஆம் பதிப்புக்கு அதுவே கடைசி உபசாரம். அதோடு ரிடையர் ஆகிவிட்டது.

பெரியவரின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். லீவில் வந்திருந்தவனைப் பிடித்துக் கேட்டேன்.

"அங்கிள், ரொம்ப பயப்படாதீங்க. இதுக்கு ஆபத்து மார்க் பத்துக்கு 4.2-தான். வரிக்காவல் போட்ட டேட்டாபேஸ்ல மட்டும்தான் வரும். அதுலயும் அந்த புரோகிராம் எப்பெப்போ ஆளை மாத்துது, எந்தத் திட்டத்தைத் திருப்பி உபயோகிக்குதுன்னு தெரிஞ்சு தாக்கணும். சும்மா போறவன் வர்றவன் எல்லாம் செய்ய முடியாது."

"அப்ப யாருப்பா செய்ய முடியும்?"

கொஞ்சம் யோசித்தான். "உள்ளே இருக்கிறவன்."

பெரியவர் தறியிலிருந்தே குரல் கொடுத்தார். "அதைத்தானே நானும் சொன்னேன்."

* * *

'உள்ளே இருக்கிறவன்' சமாசாரம் நம் தேசத்துக்குப் புதிதில்லை. 2018 ஜனவரியில் ட்ரிப்யூன் நாளிதழ் ஒரு செய்தி போட்டது: 500 ரூபாய், 10 நிமிஷம், ஆதார் விவரங்களைத் தேடிப் பார்க்கும் வசதி கைக்கு வந்துவிட்டது என்று. ஆதார் ஆணையம், டேட்டாபேஸ் உடைக்கப்படவில்லை, கைரேகை விவரங்கள் பத்திரம், குறை தீர்ப்பதற்காக அதிகாரிகளுக்குக் கொடுத்த தேடும் வசதி தவறாகப் பயன்பட்டிருக்கலாம் என்று பதில் சொன்னது. பதிலைக் கவனித்துப் படியுங்கள். பூட்டு உடையவில்லை. சாவி ஊர் சுற்றியது. 500 ரூபாய் கொடுத்து உள்ளே போனவரை 'கேட்கிறது யாரு' என்று யாரும் கேட்கவில்லை.

2023 ஜூனில் கோவிட் தடுப்பூசி சமாசாரம். டெலிகிராமில் ஒரு தானியங்கி, செல்போன் நம்பரைக் கொடுத்தால் ஊசி போட்டவரின் விவரங்களைச் சொன்னது. கோவின் தளத்திலிருந்து நேரடியாக எதுவும் போகவில்லை, ஓ.டி.பி. இல்லாமல் அது விவரம் தராது என்றது அரசு. அதே விளக்கத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. நம்பிக்கைக்கு உரியவை என்று பட்டியலில் சேர்த்த வெளி அமைப்புகளுக்குத் தனி வழி உண்டு, அதில் ஒன்று வெறும் செல்போன் நம்பரை வைத்தே விவரம் தரக்கூடியது என்று. டெலிகிராமுக்கு விவரம் அந்த வழியில்தான் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு வழி இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது. கம்ப்யூட்டரிலும் 'தெரிஞ்சவங்க வரிசை' உண்டு.

* * *

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, "இதெல்லாம் நம்மவா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலயே பண்ணியாச்சு ஓய்!" என்றார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் நான் வழக்கமாக செருப்பைத் தேடுவேன் (கிளம்புவதற்காக). ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். ஊர்ச்சபை வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகள். முதல் கல்வெட்டு 919-ல். இரண்டே வருஷத்தில், 921-ல், திருத்திய பதிப்பு. வயது வரம்பைக்கூட மாற்றியிருக்கிறார்கள்: முதலில் 30-லிருந்து 60, பிறகு 35-லிருந்து 70. கல்லில் வெட்டியதையே இரண்டு வருஷத்தில் திருத்தியிருக்கிறார்கள் என்றால், போஸ்ட்கிரெஸ்காரர்களை ரொம்பக் கோபிக்க முடியாது.

விதிகளில் எனக்குப் பிடித்தது இது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய அப்பா, பிள்ளை, சகோதரன், மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன், மாமன், சகோதரி மகன் என்று நீளமான பட்டியல், யாருமே வர முடியாது. 'நம்ம ஆளோட ஆளு' என்கிற சுற்று வழியை அப்போதே யோசித்து அடைத்துவிட்டார்கள். 2024 வரை டேட்டாபேஸ்காரர்கள் தவறவிட்டது சரியாக இதைத்தான்.

சீட்டு எடுக்கும் முறை இன்னும் அழகு. எல்லார் முன்னாலும் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது பாருங்கள். அவர் வாசித்தால் போதாது, அங்கே இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும். போன தடவை ஒழுங்காக இருந்தார் என்பதற்காக இந்தத் தடவை மத்தியஸ்தரை யாரும் நம்பவில்லை. மரியாதைக் குறைவாக நினைத்து அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மீதி பாதி நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை. கால் வேலி நிலமாவது வைத்திருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் உழுதவனுக்கும், அந்த ஊருக்குத் துணி நெய்தவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. விதி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், விதியை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி தனியாக நின்றுகொண்டேதான் இருக்கிறது.

* * *

போஸ்ட்கிரெஸ் ஓட்டை தெரிந்ததும் நம்பர் போட்டு, தேதி போட்டு, 'முன்பு இரண்டு தடவை அடைத்தும் விட்டுப்போனது' என்று அவர்களே உலகத்துக்குச் சொன்னார்கள். நம் ஊர் ஆபீஸ்களில் இந்தப் பழக்கம் குறைவு. 'எதுவும் நடக்கவில்லை' என்பதுதான் முதல் அறிக்கை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம், காவலில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. நல்லதுதான். ஆனால் பிள்ளையார்பாளையத்துப் பெரியவருக்கு அந்த 250 கோடியால் போன பேரம் திரும்பி வராது.

அதனால் கம்ப்யூட்டர் பையன்களுக்கு: வரிக்காவல் உபயோகிக்கிறவர்களானால் பதிப்பு நம்பரை ஒரு தடவை பாருங்கள். 17.2, 16.6-க்குக் கீழே என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். 12 என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வையுங்கள்.

மற்றவர்களுக்கு: சங்கமோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, உங்கள் விவரத்தை டைப் அடித்துக்கொள்ளும்போது, "என் வரியை யார் யார் பார்க்கலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கவுண்ட்டர்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும் சார்" என்பார்.

அவர் சொல்வது வாஸ்தவம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டினால் பரவாயில்லை. அவர்கள் வரியும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது.